தாழும் மண்ணில் ஒரு தளம்

கிள்ளான், செத்தியா ஆலம், கோத்தா கெமுனிங் பக்கம் பத்துப் பதினைந்து வருடம் ஆன வரிசை வீடுகளின் கொல்லைப்புறத்தில், சுவரும் தரையும் சேர வேண்டிய இடத்தில் குனிந்து பார்த்தால் பல வீடுகளில் ஒரு கோடு தெரியும். முதலில் அது மயிரிழையாக இருக்கும். சில வருடங்களில் விரல் நுழையும். இன்னும் கொஞ்ச காலத்தில் உள்ளங்கையைச் சாய்த்து உள்ளே விட்டுப் பார்க்கலாம். உள்ளே ஈரமான இருட்டு. எறும்பு அள்ளிப் போட்ட மண்துகள். சில இடங்களில் எலி வந்துபோன வழி. வீட்டுக்காரர்கள் சிமெண்டைக் குழைத்து அதை அடைக்கிறார்கள். அடைத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிகிறது. மறுபடி அடைக்கிறார்கள். பழைய வீடுகளில் வெளிர்சாம்பல், கருஞ்சாம்பல், வெள்ளை என்று மூன்று நான்கு நிறத்தில் அடைப்புகள் அடுக்கடுக்காக நிற்கும். யார் வீட்டுக்குப் போனாலும் கைகழுவக் கொல்லைப்புறம் போகும்போது என் கண் அந்தக் கோட்டைத் தேடுகிறது. அது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். விரிசல் யார் வீட்டில்தான் இல்லை? ஆனால் இந்தக் கோடு, பின்புறத்தில் நிரந்தரமாக ஒரு தளம் போட்டாயிற்று என்ற நம் எண்ணத்துக்கும் அடியில் கிடக்கும் மண்ணுக்கும் நடுவே ஓடுகிறது. தளத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எந்த டைல்ஸ், எவ்வளவு வெள்ளி, மேலே அவ்னிங் போடலாமா, தீபாவளிக்குள் முடியுமா என்று எல்லாம் கேட்கிறோம். மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கட்டுமான வேலையிலேயே தலை நரைத்த ஒரு கிள்ளான்காரர் அந்தக் கோட்டின் கதையை எனக்கு எளிமையாகச் சொன்னார். “தம்பி, வீடு கால ஊன்றி நிக்குது. தரை மண்ணு மேல படுத்துக் கெடக்குது. மண்ணு எறங்குனா படுத்திருக்கிறது எறங்கத்தான் செய்யும், நின்னுக்கிட்டு இருக்கிறது எறங்காது.” புத்தகம் சொல்வதும் இதுதான். கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியில், கடலை நோக்கிப் போகப் போக, மேல்மண்ணுக்குக் கீழே மென்மையான கடல்களிமண் ஆழமாகக் கிடக்கிறது. மண்ணியல் பொறியாளர்கள் இதற்கென்றே ‘கிள்ளான் களிமண்’ என்று பெயர் வைத்துக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். நீரைக் குடித்துப் பிடித்துவைத்திருக்கும் மண் அது. மேலே பாரம் ஏற ஏற நீர் மெல்ல மெல்ல வெளியேறும், மண் சுருங்கும், அந்தச் சுருக்கம் மாதக் கணக்கில் முடியாது, வருடக் கணக்கில் நீளும். வீட்டின் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் கீழே அந்தக் களிமண்ணைத் தாண்டிக் கெட்டி நிலம்வரை காங்கிரீட் முளைகளை அடித்து இறக்குகிறார்கள். ஆனால் வீட்டைச் சுற்றிப் போடும் ஏப்ரன், கொல்லைத் தளம், மழைநீர்க் கால்வாய் எல்லாம் லாரியில் கொண்டுவந்து கொட்டி நிரவிய மண்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிறகு வீட்டுக்காரர் பின்னால் நீட்டிக் கட்டும் சமையலறையும் பெரும்பாலும் முளை இல்லாத மேலோட்டமான அடித்தளத்தில் நிற்கிறது. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடுவது அதனால்தான். இரண்டும் ஒரே வீடாகத் தெரிந்தாலும் நிலத்தோடு இரண்டுக்கும் உள்ள உறவு வேறு.

செத்தியா ஆலமும் கோத்தா கெமுனிங்கும் சேர்ந்த ஷா ஆலம் முழுக்க இந்த மண்தான் என்று சொல்லவில்லை. செக்‌ஷன் ஏழு, எட்டுப் பக்கம் மேடும் பள்ளமுமான செம்மண் நிலம். அங்கே வேறு பிரச்சினைகள், வெட்டி எடுத்த மேடும் நிரப்பிய பள்ளமும் ஒரே வரிசைக்குள் அடுத்தடுத்து வரும். ஆனால் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் இந்த நிலத்துக்கு வீடுகளுக்கு முந்திய வாழ்க்கை ஒன்று உண்டு. சுங்கை ரெங்காம் என்றும் பத்து தீகா என்றும் அறியப்பட்ட ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இவை. 1974 பிப்ரவரி முதல் தேதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகி சிலாங்கூரை விட்டுப் போனபின் மாநிலத்துக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது. 1978 டிசம்பர் 7 அன்று ஷா ஆலம் தலைநகரானது. 2000 அக்டோபரில் மாநகரானது. இடையில் 1985இல் இங்கிருந்த ஆலையிலிருந்து முதல் புரோட்டோன் சாகா வெளியே வந்தது. பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். மிட்லண்ட்ஸ் தோட்டம் இன்று இல்லை, அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி செக்‌ஷன் ஏழில் நிற்கிறது. செத்தியா ஆலம் இருக்கும் இடம் நார்த் ஹம்மொக் தோட்டம். தோட்டக் காலத்தில் வெட்டிய வாய்க்கால்கள் சில இடங்களில் இன்னும் தாமான்களின் எல்லையில் ஓடுகின்றன. பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள். மூடிய வாய்க்கால் எந்த வீட்டுக்கு அடியில் போகிறது என்று வீடு வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை. அந்த வீட்டின் கொல்லைத் தளம் ஒரு பக்கமாகச் சாயும்போது தளம் போட்ட ஆளைத் திட்டுகிறோம்.

தோட்டத்திலிருந்து வந்தவர்கள் சொந்த வீடு வாங்கியதும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று கொல்லைக்குச் சிமெண்டு போட்டது. இதைக் குறை சொல்லி எழுத என் கை வராது. லயத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் எவருக்கும் அந்த மண் சொந்தமாக இருந்ததில்லை. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் விற்கப்பட்டால் ஒரு கடிதத்தோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். முருங்கையும் வெண்டையும் வைத்து வளர்த்த புழக்கடையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மழைக்காலத்தில் கணுக்கால் வரை சேறு, பொதுக்குழாயடியில் வழுக்கி விழுந்த கர்ப்பிணிகள், வெறுங்காலில் நடந்த பிள்ளைகளின் வயிற்றில் கொக்கிப்புழு. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒரு தாய்க்கு, குழாயைத் திறந்து ஒரு வாளி ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிற சிமெண்டுத் தரை எவ்வளவு பெரிய விடுதலை! அந்தத் தரையில்தான் அவர் மிளகாய் காயப்போடுகிறார், முறுக்குக்கு அடுப்பு மூட்டுகிறார், பேரனைக் குளிப்பாட்டுகிறார், கருமாதிச் சமையலுக்குப் பெரிய தவலை ஏற்றுகிறார். முன்பக்கத்துக் கார் போர்ச் விருந்தாளிக்கு உரியது. பின்பக்கம்தான் வீட்டு மனிதர்களுக்கு. அதைக் கெட்டியாக, கால காலத்துக்கும் நிற்கும்படி செய்ய வேண்டும் என்ற ஆசையில் பெருமை கொஞ்சம் இருக்கலாம். பயம் அதைவிட அதிகம் இருக்கிறது. இனி யாரும் நம்மை எழுந்து போகச் சொல்ல முடியாது என்பதைத் தனக்கே உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் அத்தனை மூட்டைச் சிமெண்டு. மண்ணின் அருமை பற்றிப் பேசுகிறவர்கள், நான் உட்பட, சேற்றில் நின்ற கால்களை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

சரி, கெட்டி என்றால் என்ன? இங்கே வழக்கமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். புல்லைச் சுரண்டி எடுப்பார்கள், வேரை விட்டுவிடுவார்கள். மேலே கொஞ்சம் மணல் அல்லது உடைந்த செங்கல். அதன்மேல் பி.ஆர்.சி கம்பி வலையை விரிப்பார்கள், தரையோடு ஒட்டி. காங்கிரீட் கொட்டும்போது ஓர் ஆள் கொக்கியால் வலையைத் தூக்கித் தூக்கி விடுவார். அடுத்த ஆள் அதன்மேலேயே மிதித்து நடப்பார். வலை மறுபடி அடிக்குப் போய்விடும். கலவை இறுகலாக இருந்தால் இழுத்து நிரவக் கஷ்டம் என்று குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பார்கள். தளத்தின் ஆயுள் அந்த நிமிடத்தில் பாதியாகிறது. அதிகமாக ஊற்றிய நீர் மேலே மிதந்து வந்து, கூடவே நுண்மாவையும் கொண்டுவந்து, தளத்தின் மேல்தோலைப் பலவீனமாக்கும். ஒரு வருடத்தில் கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் வரும். மதியம் மூன்று மணிக்கு வானம் கறுக்கும் ஊரில் காலை பதினொரு மணிக்குக் கொட்ட ஆரம்பித்து, மழை வந்ததும் கன்வாஸ் தேடி ஓடுவதும் நடக்கும். மறுநாள் வெயிலில் காயவிட்டுப் போய்விடுவார்கள். காங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, நீரைக் குடித்து இறுகுகிறது. ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; சொல்லப்பட்ட பலம் வர 28 நாள் கணக்கு. இதைச் சொன்னால், “எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க” என்பார்கள். உண்மைதான், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். எல்லார் கொல்லையிலும் விரிசலும் இருக்கிறது.

ஒழுங்காகச் செய்த ஒரு தளத்தையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிள்ளான்காரர் செய்தது. மேல்மண்ணை வேரோடு அரையடிக்கு மேல் எடுத்தார். அடியில் கிரஷர் ரன் எனும் உடைகல் கலவையைக் கொட்டி, லேசாக நனைத்து, இரண்டு அடுக்காக இயந்திரத்தால் அதிரவைத்துக் கெட்டித்தார். குதிகாலால் ஓங்கி மிதித்துத் தடம் விழுகிறதா என்று பார்த்தார். பிளாஸ்டிக் விரிப்பு. வலைக்கு அடியில் சின்னச் சின்னக் காங்கிரீட் கட்டைகள், வலை தளத்தின் நடுவுக்குச் சற்று மேலே நிற்கும்படி. வீட்டுச் சுவரை ஒட்டி நீளமாகப் பாலிஸ்டிரின் பட்டை வைத்துவிட்டுத்தான் கொட்டவிட்டார். “சுவத்தோட ஒட்டவே கூடாது. அது வேற, இது வேற. ரெண்டும் தனித்தனியா அசையட்டும்” என்றார். நான்கு அங்குலத் தளம். எட்டடிக்கு ஒரு தடவை குறுக்கே கால்பங்கு ஆழத்துக்கு வெட்டுக்கோடு. எங்கே விரிய வேண்டும் என்று நாமே இடம் காட்டிவிட்டால் அங்கேயே விரியும் என்பது அதன் கணக்கு. மேலே பளபளப்பு இல்லை. ஈரம் இழுக்கும் நேரம் பார்த்துத் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் ஒரே திசையில் இழுத்த மெல்லிய வரிகள். வாட்டம் மட்டும் தன் கையாலேயே பார்த்தார்: பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், வீட்டிலிருந்து கால்வாயை நோக்கி. சுவரைத் தொடாமல், தனியாக, அசைய இடம் வைத்துப் போட்ட அந்தத் தளத்தின் ஓரத்தில் நின்றபோதுதான் என் உறுத்தல் வேறு பக்கம் திரும்பியது. அந்த இடைவெளியைக் குற்றமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்.

ஆனாலும் அந்தத் தளமும் வானத்திலிருந்து விழும் ஒரு துளியையும் மண்ணுக்கு விடாது. இருபதடி அகலம், பத்தடி ஆழம் உள்ள ஒரு கொல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பதினெட்டரைச் சதுர மீட்டர். ஒரு மாலை மழையில் 50 மில்லிமீட்டர் விழுவது இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் பேச்சுக்குக்கூட எடுக்காத விஷயம். அந்த ஒரு மழையில் அந்தக் கொல்லையில் மட்டும் 900 லிட்டருக்கு மேல் விழும். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்கிற ஊர் இது; கணக்குப் போட்டால் ஒரு கொல்லைக்கு 37,000 லிட்டர். ஒரு வரிசையில் நாற்பது வீடு என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு மாலை மழையில் 37,000 லிட்டர், கூரையிலிருந்து இறங்குவது தனி. பின்சந்துக் கால்வாயின் அகலத்தைத் தீர்மானிக்கும் பொறியாளர், மனையில் எவ்வளவு பங்கு கூரை, எவ்வளவு பங்கு தளம், எவ்வளவு பங்கு மண் என்று ஒரு மதிப்பை வைத்துத்தான் கணக்கிடுகிறார். காங்கிரீட் மேல் விழும் மழை கிட்டத்தட்ட முழுவதும் உடனே ஓடிவிடும். புல்தரையில் விழுவதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும், மிச்சமும் மெதுவாகத்தான் வரும். வீடு கைக்கு வந்த நாளில் மண்ணாக இருந்த இடம் ஐந்து வருடத்தில் வரிசை முழுக்கச் சிமெண்டாகிவிடுகிறது. கால்வாய் மட்டும் பழைய கணக்கிலேயே கிடக்கிறது. வடிகால், நீர்ப்பாசனத் துறை 2001இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த மழைநீர் மேலாண்மைக் கையேடு, நீரை வேகமாகத் தள்ளிவிடுவதைவிட்டு விழுந்த இடத்திலேயே கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்கிறது. புதிய வீடமைப்புத் திட்டங்கள் அதற்காகக் குளம் வெட்டுகின்றன. நம் கொல்லைகளுக்குள் வந்து எட்டிப்பார்க்க எந்தக் கையேட்டாலும் முடியாது. 1998இல் இதே பள்ளத்தாக்கு மாதக் கணக்கில் தண்ணீர்ப் பங்கீட்டில் கிடந்தது. குடும்பம் குடும்பமாக வாளியோடு லாரிக்குக் காத்து நின்றோம். அந்த நினைவு இருந்தும், இன்றும் குழாயில் நீர் நின்ற நாளில் பெய்கிற மழையைச் சிமெண்டு வாட்டத்தில் கால்வாய்க்கு வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை, ஷா ஆலம் செக்‌ஷன் 25இல் தாமான் ஸ்ரீ மூடாவுக்குள் தண்ணீர் வந்தது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். கீழ்த்தளம் முழுக்க மூழ்கி, மேல்மாடியிலும் கூரையிலும் இரவெல்லாம் காத்திருந்தவர்களைத் தன்னார்வலர்கள் படகு கொண்டுபோய் இறக்கினார்கள். சில நாள் கழித்து நீர் வடிந்தபின், தெருவின் இருபுறமும் மெத்தை, அலமாரி, சாமி படங்கள், பள்ளிப் புத்தகங்கள் மலைமலையாகக் கிடந்தன. அந்த வருட வெள்ளங்களில் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை பிறகு மதிப்பிட்டது. எந்தக் கொல்லைத் தளமும் அந்த வெள்ளத்தைக் கொண்டுவரவில்லை. ஒரு மாதத்து மழை ஓரிரு நாளில் கொட்டியது, ஆற்றோரத் தாழ்நிலம், ஆறு நிரம்பி நின்றால் எந்தக் கால்வாயும் எங்கேயும் வடியாது. அத்தனையும் இழந்தவர்களிடம் போய் “உங்கள் பின்புறச் சிமெண்டு” என்று ஆரம்பிப்பது கொடுமை. அதை எந்தக் காலத்திலும் செய்ய மாட்டேன். இருந்தாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு புதுத் தளத்தையும் பார்க்கும்போது மனது ஒரு கூட்டல் கணக்கைப் போடத் தொடங்கிவிடுகிறது. தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லாத ஓர் அளவு, எத்தனை ஆயிரம் வீடுகளில் கூடினால் ஒன்றாகும்? பெருவெள்ளத்துக்கு இல்லையென்றாலும், மாதத்துக்கு ஒருமுறை பின்சந்தில் முழங்கால் அளவு நின்று வடிகிற நீருக்கு இந்தக் கூட்டலில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அந்த நீரில் நடப்பவர்களும் நாம்தான்.

இதற்கு எதிராக ஒரு பொறியாளர் கேட்கக்கூடிய கேள்வி எனக்கே தெரியும். கிள்ளான் களிமண்ணில் நீர் எங்கே இறங்கும்? மண்ணைத் திறந்து விட்டாலும் மேலே நின்று சேறாகத்தானே போகும்? பெருமளவு சரி. களிமண் தண்ணீரை விழுங்குவதில் மகா கஞ்சன். ஆனால் திறந்த மண்ணும் அதன்மேல் கிடக்கும் கல்லடுக்கும் நீரைத் தாமதிக்கின்றன. ஒரு மணி நேரத் தாமதம் நெரிசலான கால்வாய்க்குப் பெரிய உதவி. செடி இருந்தால் வேர் குடிக்கும். மற்ற நாட்டுக்காரர்களும் இதைத்தான் பிடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2008 அக்டோபரிலிருந்து, ஐந்து சதுர மீட்டருக்கு மேல் முன்தோட்டத்தை நீர் புகாத தளமாக மூடி நீரைத் தெருவுக்கு விடுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். நீர் இறங்கும் தளமென்றால் வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 2020இல் ஆம்ஸ்டர்டாமும் ராட்டர்டாமும் போட்டி போட்டுத் தோட்டத்துக் கற்களைப் பெயர்த்தெடுத்துச் செடி நட்டன. மறுவருடத்திலிருந்து அது நாடு தழுவிய போட்டியானது. அந்த நாட்டுக்காரர்களிடம் எனக்கு இன்னொரு பாடமும் உண்டு. கௌடா போன்ற அவர்களுடைய ஊர்கள் நம்முடையதைப் போலவே தாழ்ந்துகொண்டிருக்கும் மென்மண்மேல் இருக்கின்றன. அங்கே தெருக்களுக்கு மணல்மேல் தனித்தனிக் கற்கள் பதிக்கிறார்கள். தெரு தாழ்ந்ததும் கற்களை எடுத்து அடுக்கி, மணல் கொட்டி உயர்த்தி, அதே கற்களைத் திரும்பப் பதிக்கிறார்கள். மண் தாழும் என்பதை ஏற்றுக்கொண்டவர்களின் வேலை அது. செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: மலாயாவிலும் பர்மாவிலும் ஈட்டிய பணத்தில் எழுந்த அந்தப் பெரும் வீடுகளில், நடுவே வானத்துக்குத் திறந்த இடத்தை விட்டு, மழையை உள்ளே வரவழைத்து, கல் வாட்டத்தில் ஓடவிட்டுச் சேமித்தார்கள். வறண்ட நாட்டு மனிதர்கள் மழைக்கு வீட்டின் நடுவில் இடம் கொடுத்தார்கள். மழையிலேயே வாழும் நாம் கொல்லையிலிருந்தும் அதை விரட்டுகிறோம்.

இவ்வளவும் சுற்றி வந்து நான் நிற்கும் இடம் இதுதான்: இந்த மண்ணில் நீடிக்கும் தளம் என்பது, எடுத்துத் திரும்பப் போடக்கூடிய தளம். காங்கிரீட் பலகை உடைந்தால் உடைத்து அள்ளிக் குப்பைத்தொட்டி வாடகை கட்டித்தான் அனுப்ப வேண்டும். மணல்மேல் பதித்த இன்டர்லாக் கல் தாழ்ந்தால் ஒரு மூலையைப் பெயர்த்து, கிரஷர் ரன் சேர்த்துக் கெட்டித்து, மணல் நிரவி, அதே கல்லை அன்று மாலைக்குள் திரும்ப வைத்துவிடலாம். கீழே போகும் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான். ஆள் நடக்கும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கல் போதும், கார் ஏறும் இடத்துக்குத்தான் 80 வேண்டும். அடியில் கெட்டித்த நாலைந்து அங்குலக் கிரஷர் ரன், களிமண் மேலேறிக் கலக்காதபடி அதற்குக் கீழே ஒரு ஜியோடெக்ஸ்டைல் துணி, மேலே ஓர் அங்குலம் சொச்சம் கரடுமுரடான மணல். அந்த மணல் அடுக்கின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளத்தை மணலால் நிரப்பிச் சமாளிக்கும் ஆள் அடுத்த வருடத்துப் பள்ளத்தை இன்றே போட்டுக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் காங்கிரீட்டில் ஊன்றிய ஓரக்கல் கட்டாயம். அது இல்லாவிட்டால் கற்கள் விலகிக்கொண்டே போகும். குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. சந்துகளில் புல் முளைக்கும், எறும்பு மணலை மேலே தள்ளும், நிழல் விழும் பக்கம் பாசி பிடிக்கும். பெரிய தவலைக்கும் கேஸ் அடுப்புக்கும் சமமான இடம் வேண்டும் என்றால் சமையலறைக் கதவருகே மட்டும், அந்தக் கிள்ளான்காரர் போட்டது மாதிரி, சுவரைத் தொடாத ஒரு சின்னக் காங்கிரீட் துண்டு போதும். வழவழப்பான டைல்ஸ் மட்டும் வெளியே வேண்டவே வேண்டாம். இந்த ஊர் மழையில், வெறுங்காலில் நடமாடும் வயதானவர்கள் உள்ள வீட்டில், அது எலும்பு முறிவுக்கு வழி.

செங்கால் மரத்தில் டெக் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காட்டில் மெல்ல வளர்ந்த கனமரம், கரையானுக்கும் ஈரத்துக்கும் நன்றாகவே தாங்கும். அசல் மரம் கிடைப்பதும் வாங்குவதும் கஷ்டம், அந்தப் பெயரில் வேறு மரத்தைத் தருபவர்களும் உண்டு. டெக்குக்கு அடியில் யாரும் கூட்டுவதில்லை என்பது எனக்கு அதைவிடப் பெரிய கவலை. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி அளவு தெளிந்த நீர் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். நாட்டில் டெங்கிக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலம் நம்முடையது. வாட்டம் கெட்ட தளமும் இதே குற்றத்தைத்தான் செய்கிறது. சுவரோரத்தில் திரும்பக் கொட்டிய மண் சரியாகக் கெட்டிக்கப்படாமல் தாழும்போது, வெளியே ஓட வேண்டிய நீர் வீட்டை நோக்கித் திரும்பி, ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குத் தேங்குகிறது. மேலே அவ்னிங் நிழல். வெயில் படாததால் காயாது. அந்தத் தெளிந்த நீரில் குடும்பத்துக்கே காய்ச்சல் வரலாம்.

கொல்லைக்குத் தளம் போட ஆள் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்றிரண்டு கேட்டுக்கொள்கிறேன். முதலில், வேலிச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்காவது மண்ணை மூடாமல் விடுங்கள். வாட்டம் அந்தப் பக்கம் இருக்கட்டும், நீர் மண்ணைத் தாண்டித்தான் கால்வாய்க்குப் போகட்டும். பக்கத்து வீட்டைவிட உங்கள் தளத்தை உயர்த்தாதீர்கள். உங்கள் நீர் அவர்கள் சமையலறையில் போய் நிற்கும். பின்சந்தையும் கால்வாயையும் மூடி நீட்டாதீர்கள். அந்த இடம் உங்களுடையதில்லை, தூர்வார ஆள் இறங்க வழியும் இருக்காது. கூரை போடுவதாக இருந்தால் மாநகர் மன்றத்தில் முதலில் அனுமதி கேளுங்கள். கூரைநீருக்கு ஒரு பீப்பாய் வையுங்கள், வலை மூடியோடு. வேலைக்கு வருபவரிடம் டைல்ஸ் விலையைக் கேட்கும் முன் அடியில் எத்தனை அங்குலம் தோண்டுவார், எதைப் போட்டு எப்படிக் கெட்டிப்பார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். வேலை முடிந்தது என்று அவர் சொன்னாலும் கடைசித் தவணையை ஒரு பெருமழை பெய்து வடியும்வரை கையில் வைத்திருங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்காது.